எஃப்டிசிஏ குறைவாக வரும்போது எங்கே பார்க்க வேண்டும்: உயிர்த்திரள் மின்வினையூக்கத்தில் பிழை நீக்கும் வழிமுறை

உயிர்த்திரளிலிருந்து கிடைக்கும் சிறு மூலக்கூறுகளை மின்சாரத்தின் துணையால் பயனுள்ள வேதிப்பொருள்களாக மாற்றும் வினையூக்கியை வடிவமைப்பவர், எதிர்பார்த்த விளைபொருள் வராதபோது முதலில் வினையூக்கியின் மேல்தான் பழியைப் போடுகிறார். உலோக விகிதத்தை மாற்றுகிறார், வினையூக்கியைப் படிய வைக்க வேறு தாங்கியைத் தேடுகிறார், தயாரிப்பு முறையை முதலிலிருந்து தொடங்குகிறார். ஆனால் இத்தகைய குறைகளில் பல, கரைசலிலோ, மின்னழுத்தத்தை அளக்க உதவும் ஒப்பீட்டு மின்முனையிலோ, பகுப்பாய்விலோ ஒளிந்திருப்பவை. எனவே இவ்வழிமுறையில் ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிய சோதனைகள் முன்னாலும், வினையூக்கியை மாற்றும் வேலை கடைசியிலும் வருகின்றன.

எடுத்துக்காட்டாக எச்எம்எஃப் எனப்படும் 5-ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுராலை நிக்கல் நேர்மின்முனையில், 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், எஃப்டிசிஏ எனப்படும் 2,5-ஃபியூரான் டைகார்பாக்சிலிக் அமிலமாக ஆக்சிஜனேற்றும் வினையை எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரையிலிருந்து நீரை நீக்கிப் பெறப்படுவது எச்எம்எஃப். பிஇஎஃப் என்ற பாலியெஸ்டருக்கு மூலப்பொருளாவது எஃப்டிசிஏ. இம்மாற்றத்துக்கு மூலக்கூறு ஒன்றுக்கு 6 எலக்ட்ரான்கள் தேவை. ஆல்டிஹைடு முனை முதலில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் எச்எம்எஃப்சிஏ (ஒரு முனை அமிலம், மறுமுனை ஆல்கஹால்) வழியாகவும், ஆல்கஹால் முனை முதலில் அடைந்தால் டிஎஃப்எஃப் (இரு முனையும் ஆல்டிஹைடு) வழியாகவும் வினை நடந்து, இரு வழிகளும் எஃப்எஃப்சிஏவில் (ஒரு முனை அமிலம், மறுமுனை ஆல்டிஹைடு) ஒன்றுசேர்கின்றன. முதலிரண்டும் 2 எலக்ட்ரான் விளைபொருள்கள். எஃப்எஃப்சிஏ 4 எலக்ட்ரான் விளைபொருள். வலுவான காரத்தில் எச்எம்எஃப்சிஏ வழியே பெரும்பாலும் மேலோங்கும்.

10 மில்லிலிட்டர் கரைசலில் 10 மில்லிமோலார் எச்எம்எஃப் இருந்தால் அது 0.1 மில்லிமோல், அதை முழுவதும் எஃப்டிசிஏ ஆக்கத் தேவையான மின்சுமை 57.9 கூலும். இந்த எண்ணை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, கீழே பல இடங்களில் இது திரும்ப வரும்.

எந்த அறிகுறிக்கும் போகும் முன் மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும்: வினைபொருள் எவ்வளவு மாறியது, மின்சுமையில் எவ்வளவு விளைபொருளாகச் சேர்ந்தது (ஃபாரடே திறன்), தொடக்கத்தில் இருந்த கார்பனில் எவ்வளவு இறுதியில் கண்டறியப்பட்டது. கார்பன் கணக்கு சரியாக இருந்து ஃபாரடே திறன் மட்டும் குறைந்தால் மின்சாரம் வேறு வினைக்குப் போகிறது. கார்பன் கணக்கே குறைந்தால் மூலக்கூறு வேறு பாதையில் தொலைகிறது. இவ்விரண்டையும் பிரிக்காமல் "விளைச்சல் குறைவு" என்று மட்டும் குறித்து வைத்தால் அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது.

மின்னோட்டம் தாராளமாக ஓடுகிறது, விளைபொருள் மட்டும் இல்லை

மின்முனையில் குமிழிகள் தெரிந்தால் விடை பெரும்பாலும் ஆக்சிஜன்தான். நிக்கல் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ 1.35 வோல்ட்டில் (இங்கே எல்லா மின்னழுத்தங்களும் ஆர்எச்இ அளவுகோலில், அதாவது அதே கரைசலில் உள்ள ஹைட்ரஜன் மின்முனையைச் சுழியாகக் கொண்டு) ஆக்சிஹைட்ராக்சைடாக மாறுகிறது. நீர் பிளந்து ஆக்சிஜன் வெளிவருவது பொதுவாக 1.5 வோல்ட்டை ஒட்டித்தான் வலுப்பெறுகிறது. எச்எம்எஃப் வினை நடக்க வேண்டிய இடம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய இடைவெளி. நாம் 1.45 வோல்ட் என்று நினைத்து வைத்தது உண்மையில் 1.52 ஆக இருந்தால், வினையூக்கி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

ஆகவே முதலில் ஒப்பீட்டு மின்முனையைச் சோதிக்க வேண்டும். பாதரசம்/பாதரச ஆக்சைடு மின்முனைக்கு ஏட்டில் உள்ள 0.098 வோல்ட் என்ற மதிப்பையும், பிஎச் 14 என்ற ஊகத்தையும் அப்படியே கூட்டிக் கணக்கிடுவது வழக்கமாகிவிட்டது. பிஎச் ஓர் அலகு பிசகினால் 59 மில்லிவோல்ட் பிசகும். மேற்சொன்ன இடைவெளியில் அது மிகப் பெரிய பங்கு. ஹைட்ரஜன் செறிந்த அதே மின்பகுளியில், தூய்மையான பிளாட்டினக் கம்பியை வைத்து நேரடியாக அளவிட அரை மணி நேரம் போதும். வெள்ளி/வெள்ளி குளோரைடு மின்முனையை வலுவான காரத்தில் நீண்ட நேரம் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஹைட்ராக்சைடு உள்ளே புகுந்து அதன் மின்னழுத்தத்தை நகர்த்துகிறது; குளோரைடு வெளியே கசிந்து நேர்மின்முனையைத் தொந்தரவு செய்கிறது.

அடுத்தது கரைசலின் மின்தடை. 100 மில்லிஆம்பியர் ஓடும்போது 5 ஓம் ஈடுசெய்யப்படாத தடை இருந்தால் அரை வோல்ட் அங்கேயே போய்விடும். இத்தடையை ஈடுசெய்த மின்னோட்ட–மின்னழுத்த வளைவையும் ஈடுசெய்யாத வளைவையும் ஒரே படத்தில் போட்டு ஒப்பிடுவது எளிதில் கண்டுபிடிக்க முடியாத குழப்பத்தை உண்டாக்கும்.

மூன்றாவது, இரும்பு. நிக்கல் ஹைட்ராக்சைடில் மிகச் சிறு அளவு இரும்பு சேர்ந்தாலே ஆக்சிஜன் வெளியேற்றம் பெருமளவு எளிதாகிவிடும் என்பதை 1987-இல் காரிகன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அந்த இரும்பை நாம் சேர்க்க வேண்டியதில்லை, கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலேயே அது மாசாக இருக்கிறது. நீரைப் பிளப்பவருக்கு இது வரம். எச்எம்எஃப் செய்பவருக்கு இடைவெளியைச் சுருக்கும் தொல்லை. தூய நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவோடு காரக் கரைசலைக் கலக்கி வைத்தால் இரும்பு வீழ்படிவில் பிடிபட்டுவிடும். பிறகு தெளிந்த நீர்மத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்தலாம். காரம் கண்ணாடியை அரித்துக் கரைக்கும் என்பதால் நெகிழிக் கலமே பாதுகாப்பானது. முதல் நாள் நன்றாக வேலை செய்த மின்முனை நாளுக்கு நாள் அதிகக் குமிழி விடத் தொடங்கினால், வேறு எதையும் விட இரும்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது, வினைபொருள் தீர்ந்துபோதல். மின்னோட்டத்தை நிலையாக வைத்து நடத்தும் சோதனையில், இறுதிக் கட்டத்தில் எச்எம்எஃப் செறிவு குறைந்ததும் மீதி மின்னோட்டத்தைத் தாங்க ஆக்சிஜன் மட்டுமே மிஞ்சுகிறது. 20 மில்லிஆம்பியரில் 57.9 கூலும் செலவாக ஏறத்தாழ 48 நிமிடம் ஆகும். அதைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு ஃபாரடே திறன் 40 விழுக்காடுதான் என்று வருந்துவதில் பொருளில்லை, கூட்டிய நேரம் முழுவதும் ஆக்சிஜனுக்கே போனது. கலக்கும் வேகத்தை இரட்டிப்பாக்கும்போது மின்னோட்டம் உயர்ந்தால், கட்டுப்படுத்துவது மூலக்கூறு வந்து சேரும் வேகமே என்று கொள்ளலாம்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் விளைபொருள் இல்லையென்றால், வினையூக்கியை ஒரு கேள்வி கேட்கலாம். எச்எம்எஃப் இல்லாத காரத்தில் மின்முனையை 1.45 வோல்ட்டில் சில நிமிடம் வைத்து ஆக்சிஹைட்ராக்சைடை உருவாக்கி, மின்சுற்றைத் திறந்து, எச்எம்எஃப்பைச் சேர்த்து, மின்னழுத்தம் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெறும் காரத்தில் அது மெல்ல இறங்கும். எச்எம்எஃப்போடு வினைபுரியும் மேற்பரப்பில் சட்டென்று இறங்கும். நிக்கலின் மேல் கரிமப் பொருள்கள் ஆக்சிஹைட்ராக்சைடின் வழியாக மறைமுகமாக ஆக்சிஜனேற்றம் அடைகின்றன என்று மின்வேதியியலாளர் ஃபிளைஷ்மனும் அவருடன் உழைத்தவர்களும் 1970-களின் தொடக்கத்திலேயே முன்வைத்தார்கள். இச்சோதனை அக்கருத்தை உங்கள் மின்முனையிலேயே சரிபார்ப்பது போன்றது. இறங்கும் வேகத்தில் வேறுபாடே இல்லையென்றால் மட்டும் வினையூக்கியின் அமைப்பை மாற்றத் தொடங்கலாம்.

எச்எம்எஃப் முழுவதும் மறைந்துவிட்டது, எஃப்டிசிஏ பாதிகூட இல்லை, கரைசல் பழுப்பாகிவிட்டது

பழுப்பு நிறமே பாதி விடை. வலுவான காரத்தில் எச்எம்எஃப் மின்சாரம் இல்லாமலேயே சிதைந்து, ஹியூமின் எனப்படும் கரும்பழுப்புப் பல்லுறுப்பிகளாக மாறுகிறது. கார்பாக்சிலேட் ஆக மாறிய எச்எம்எஃப்சிஏவும் எஃப்டிசிஏவும் காரத்தில் நிலையாக இருக்கும். ஆல்டிஹைடு வடிவில் இருப்பவைதான் ஆபத்தில் உள்ளன. எனவே இது ஒரு பந்தயம்: மின்முனை ஆல்டிஹைடை முதலில் பிடிக்கிறதா, காரம் முதலில் பிடிக்கிறதா?

பந்தயத்தில் யார் வெல்கிறார் என்று அறிய ஓர் ஒப்புச் சோதனை போதும். அதே செறிவு, அதே வெப்பநிலை, அதே நேரம், ஆனால் மின்சாரம் இல்லை. அக்கரைசலிலும் எச்எம்எஃப் குறைந்திருந்தால் இழப்பின் அளவு நேரடியாகத் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் எழுதப்படும் விளைச்சல் எண்களை நான் நம்புவதில்லை. எச்எம்எஃப் கரைசலைக் காலையில் காரத்தில் கலந்து வைத்து மாலையில் மின்பகுப்புக்கு எடுப்பது பரவலாக நடக்கும் தவறு, நானும் செய்திருக்கிறேன். தூய நீரில் செறிவான கரைசலை வைத்துக்கொண்டு, மின்னழுத்தம் கொடுத்த பிறகு காரத்தில் சேர்ப்பதே முறை.

ஃபியூரான் வளையத்தோடு நேரடியாக இணைந்த ஆல்டிஹைடுக்கு ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாததால் கானிசாரோ வினையும் நடக்கிறது: இரண்டு எச்எம்எஃப் மூலக்கூறுகளில் ஒன்று எச்எம்எஃப்சிஏ ஆகவும், மற்றது பிஎச்எம்எஃப் என்ற டையால் (இரு ஆல்கஹால் தொகுதிகள் கொண்டது) ஆகவும் மாறும். எச்பிஎல்சி எனப்படும் நீர்ம நிறப்பகுப்பியில் 265 அல்லது 284 நானோமீட்டரில் மட்டும் பார்ப்பவருக்கு இந்த டையால் கண்ணில் படாது, ஏனெனில் கார்பனைல் தொகுதியை இழந்த அது 220 நானோமீட்டர் அருகில்தான் ஒளியை உறிஞ்சும். கார்பன் தொலைந்துவிட்டது என்று எண்ணுவோம். அது அலைநீளத்துக்கு வெளியே நிற்கும். தடுப்புச் சவ்வு இல்லாத ஒற்றை அறைக் கலத்தில் எச்எம்எஃப் எதிர்மின்முனையில் ஒடுக்கம் அடைந்தும் இதே பொருள் உருவாகலாம்.

பகுப்பாய்வுக்காக மாதிரியை அமிலமாக்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. 10 மில்லிமோலார் எஃப்டிசிஏ என்பது லிட்டருக்கு 1.56 கிராம், அமிலக் கரைசலில் அறை வெப்பநிலையில் கரையக்கூடியது ஏறத்தாழ 1 கிராம் மட்டுமே. நீர்க்காமல் அமிலம் விட்டால் விளைபொருளே வெண்படிவாகி வடிகட்டியில் தங்கிவிடும். முதலில் ஐம்பது மடங்கு நீர்த்துவிட்டுப் பிறகு நடுநிலையாக்கினால் இச்சிக்கல் எழாது.

சிதைவுதான் உண்மையான காரணம் என்று உறுதியானால், வடிவமைப்பில் செய்ய வேண்டியது ஆல்டிஹைடு காரத்தில் கழிக்கும் நேரத்தைக் குறைப்பது. மேற்பரப்பைப் பெருக்கி மின்னோட்டத்தை உயர்த்தலாம், கரைசலின் கன அளவைக் குறைக்கலாம், பாய்வுக் கலத்துக்கு மாறலாம், எச்எம்எஃப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். காரத்தின் செறிவைக் குறைப்பதும் சிதைவைத் தணிக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அது மின்னோட்டம் சரியும் அறிகுறியின்கீழ் வருகிறது.

ஃபாரடே திறன் 100-ஐத் தாண்டுகிறது

மகிழ்ச்சி அடைய ஏதுமில்லை, கணக்கில் பிழை இருக்கிறது. வாயு குமிழவிடும்போது நீர் ஆவியாகிக் கரைசல் செறிவடைந்திருக்கலாம், அளவீட்டு வளைவு பழையதாக இருக்கலாம், கானிசாரோவில் இலவசமாக உருவான எச்எம்எஃப்சிஏவும் மின்விளைபொருளாக எண்ணப்பட்டிருக்கலாம். தங்கம், பிளாட்டினம் போன்ற மின்முனைகளில் கரைந்த ஆக்சிஜனே காரத்தில் ஆல்டிஹைடை ஆக்சிஜனேற்றிவிடும் என்பதால், கரைசலில் ஆர்கானையோ நைட்ரஜனையோ செலுத்தி மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும்.

சுவையான விதிவிலக்கு ஒன்று உண்டு. உலோகச் செம்பின் மேல், மிகக் குறைந்த மின்னழுத்தத்தில், ஆல்டிஹைடிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அணுக்கள் தமக்குள் இணைந்து நேர்மின்முனையிலேயே ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறுகின்றன. அங்கே ஆல்டிஹைடு ஒன்றுக்கு 2 அல்ல, 1 எலக்ட்ரான் மட்டுமே வெளிச்சுற்றுக்குப் போகிறது. 2 என்று வைத்துக் கணக்கிட்டால் திறன் 200 விழுக்காட்டை நெருங்கும். நேர்மின்முனை அறையின் வாயுவை வாயு நிறப்பகுப்பியில் செலுத்திப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

வினை இடைநிலைப் பொருளிலேயே நின்றுவிடுகிறது

எச்எம்எஃப்சிஏ குவிந்து மேலே நகரவில்லை என்றால், மேற்பரப்பு ஆல்டிஹைடைத் தொடுகிறது, ஆல்கஹாலைத் தொடவில்லை என்று பொருள். ஆல்டிஹைடு எளிதானது, ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்க வலுவான ஆக்சிஜனேற்றி வேண்டும். கோபால்ட் ஆக்சிஹைட்ராக்சைடு நிக்கலைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் உருவாவதால் வளைவில் கவர்ச்சியாகத் தோன்றும், ஆனால் அதே காரணத்தால் அதன் ஆக்சிஜனேற்றும் வலிமை குறைவு. வினை மெதுவாகி, நடுவழியில் நிற்கும். நிக்கலோடு கோபால்ட்டைக் கலந்து வடிவமைப்பவர்கள் தொடக்க மின்னழுத்தம் இறங்கியதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், அந்த மின்னழுத்தத்தில் எஃப்எஃப்சிஏவிலிருந்து எஃப்டிசிஏ வரை போகிறதா என்றும் பார்க்க வேண்டும். எச்எம்எஃப்சிஏவையே தொடக்கப் பொருளாக வைத்து ஒரு தனி மின்பகுப்பு நடத்தினால் குறை ஆல்கஹால் படியில்தானா என்பது நேராகவே தெரியும்.

டிஎஃப்எஃப் குவிந்தால் முதலில் பிஎச்சைப் பார்க்கவும். ஆல்டிஹைடு ஆக்சிஜனேற்றம் அடைய அது நீரேற்றம் பெற்று டையால் வடிவத்துக்கு வர வேண்டும். காரம் குறையும்போது இந்த நீரேற்றப் படி தளர்கிறது.

மின்னோட்டம் நேரம் போகப்போகச் சரிகிறது

இங்கே ஒரே ஒரு சோதனை பாதையை இரண்டாகப் பிரிக்கும். மின்முனையைத் தொடாமல் கரைசலை மட்டும் புதிதாக மாற்றவும். மின்னோட்டம் பழைய அளவுக்கு மீண்டால் குறை கரைசலில், மீளவில்லையென்றால் மின்முனையில்.

கரைசல் பக்கம் அடிக்கடி மறக்கப்படுவது ஹைட்ராக்சைடு கணக்கு. எச்எம்எஃப் மூலக்கூறு ஒன்று எஃப்டிசிஏ அயனியாக மாற 8 ஹைட்ராக்சைடு அயனிகள் செலவாகின்றன: 6 ஆக்சிஜனேற்றத்துக்கு, 2 உருவான அமிலங்களை நடுநிலையாக்க. நேர்மின் அயனிச் சவ்வைப் பயன்படுத்தினால் எதிர்மின்முனையில் உருவாகும் ஹைட்ராக்சைடு இப்பக்கம் வராது. முழு இழப்பும் நேர்மின்முனை அறையின் மேல் விழும். 1 மோலார் காரத்தில் 10 மில்லிமோலார் எச்எம்எஃப் என்றால் 80 மில்லிமோலார் போகும், அது பொருட்டல்ல. அதே எச்எம்எஃப் 0.1 மோலார் காரத்தில் இருந்தால் இறுதியில் மிஞ்சுவது 20 மில்லிமோலார் மட்டுமே. பிஎச் 13-லிருந்து 12.3-க்கு வந்துவிடும். ஒப்பீட்டு மின்முனைக்கு எதிரே மின்னழுத்தத்தை மாற்றாமல் வைத்திருந்தாலும், ஆர்எச்இ அளவில் அது ஏறத்தாழ 41 மில்லிவோல்ட் இறங்கியிருக்கும். வினையூக்கி இறந்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் பிஎச் அளக்கவும். எதிர்மின் அயனிச் சவ்வுக்கு மாறினால் 6 ஹைட்ராக்சைடுகள் திரும்பி வருகின்றன, ஆனால் எஃப்டிசிஏவும் எதிர்மின் அயனிதான் என்பதால் அதில் ஒரு பகுதி சவ்வைக் கடந்து மறுபக்கம் போய்விடும். கார்பன் கணக்கு போடும்போது எதிர்மின்முனை அறையின் கரைசலையும் சேர்த்து அளக்க வேண்டும்.

மின்முனை பக்கம் என்றால், ஹியூமின் படலம் மேற்பரப்பை மூடியிருக்கலாம். மின்முனையைக் கழுவி, வெறும் காரத்தில் ஆக்சிஜன் வெளிவரும் மின்னழுத்தம் வரை சில சுற்றுகள் ஓட்டினால் படலம் எரிந்து செயல்பாடு மீளக்கூடும். மீளாதபோது, செலவான கரைசலில் உலோகம் கரைந்திருக்கிறதா என்று, தனிமங்களை மிகச் சிறு அளவிலும் காட்டும் ஐசிபி கருவியில் அளக்கவும். பொடியைப் பசையோடு கலந்து பூசிய மின்முனைகளில் குமிழிகள் பொடியை உதிர்த்துவிடுவது சாதாரணம். கலத்தின் அடியில் கரும்பொடி தெரிந்தால் கருவி தேவையில்லை. இந்நிலையில் தாங்கியின் மேலேயே நேரடியாகப் படிய வைப்பதுதான் சரியான வடிவமைப்பு மாற்றம்.

பிளாட்டினம், தங்கம் ஆகியவற்றின் கதை வேறு. கிளிசராலையோ ஆல்டிஹைடையோ உடைக்கும்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடும் அதைப் போன்ற துண்டுகளும் பிளாட்டினத்தை நச்சுப்படுத்தும். தங்கம் உயர் மின்னழுத்தத்தில் தன் மேல் ஆக்சைடு பூண்டு செயலிழக்கும். இரண்டுக்கும் மின்னழுத்தத்தைத் துடிப்புகளாக மாற்றி மேற்பரப்பைப் புதுப்பிப்பது, புதிய உலோகக் கலவையைத் தேடுவதைவிட விரைவில் பலன் தரும்.

வளைவு அழகாக இருக்கிறது, மின்முனைக்கு மின்முனை எண் மாறுகிறது

நிக்கல் ஃபோமின் மேல் வினையூக்கியைப் படிய வைப்பவர் ஃபோமையே வெறுமனே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். காரத்தில் அதுவும் நல்ல எச்எம்எஃப் வினையூக்கிதான். சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு மில்லிஆம்பியர் என்று வடிவப் பரப்பை வைத்து எழுதினால், துளைகள் நிறைந்த ஃபோமை எந்தத் தட்டையான மின்முனையும் வெல்ல முடியாது. மேலும், 1.35 வோல்ட்டை ஒட்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி நிக்கல் தன்னைத்தானே ஆக்சிஜனேற்றிக்கொள்வதால் வருவது. ஓட்டும் வேகத்தைக் குறைத்தால் அப்பகுதி சுருங்கும், எச்எம்எஃப்பால் வருவது அவ்வளவு சுருங்காது.

எதிர்மின்முனையில் ஃபர்ஃபுரால்: ஹைட்ரஜன் மிகுதி, விளைபொருள் காணவில்லை

உயிர்த்திரளிலிருந்து கிடைக்கும் இன்னோர் ஆல்டிஹைடான ஃபர்ஃபுராலைச் செம்பு எதிர்மின்முனையில் ஒடுக்கும்போது, வலுவான அமிலத்தில் 2-மெத்தில்ஃபியூரானும், அமிலம் தணியும்போது ஃபர்ஃபுரில் ஆல்கஹாலும் மேலோங்கும். 2-மெத்தில்ஃபியூரான் 64 பாகை செல்சியஸில் கொதிப்பது. நைட்ரஜன் குமிழ்ந்துகொண்டே இருந்தால் அது வாயுவோடு கிளம்பிவிடும். வெளியேறும் குழாயில் குளிர்ந்த கரைப்பானை வைத்துப் பிடிக்காமல் கார்பன் கணக்கு நிறைவுறாது. ஃபர்ஃபுரில் ஆல்கஹால் அமிலத்தில் பல்லுறுப்பியாகும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

ஹைட்ரஜன் நாளுக்கு நாள் கூடினால் எதிர்ப்புறம் உள்ள பிளாட்டினத்தைப் பார்க்கவும். நேர்மின்முனையாக வேலை செய்யும் பிளாட்டினம் மெல்லக் கரைந்து, சவ்வைக் கடந்து, செம்பின் மேல் படிகிறது. அங்கே அது ஹைட்ரஜனை வெளியேற்றுவதில் செம்பைவிடப் பன்மடங்கு வல்லது. செம்பை அமிலத்தில் மின்னழுத்தம் இல்லாமல் ஊறவிடுவதும் கூடாது, கரைந்து திரும்பப் படிந்த மேற்பரப்பு முன்பு இருந்த மேற்பரப்பாக இருப்பதில்லை.

கிளிசரால் ஃபார்மேட்டாக மட்டும் வருகிறது

நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு காரத்தில் கிளிசராலின் கார்பன்–கார்பன் பிணைப்புகளை அறுத்து, 8 எலக்ட்ரான்களுக்கு 3 ஃபார்மேட் தருகிறது. மூன்று கார்பன் விளைபொருள் வேண்டுமென்றால் நிக்கல் அதற்கு ஏற்ற உலோகமல்ல. பிளாட்டினத்தில் பிஸ்மத்தைச் சேர்த்து, அமிலத்தில், இரண்டாம் கார்பனின் ஆல்கஹாலைத் தேர்ந்து தாக்கி டைஹைட்ராக்சிஅசிட்டோனைப் பெறலாம் என்பது மின்வேதியியலாளர் கோப்பரின் ஆய்வுக் குழு காட்டிய வழி. அதையே காரத்தில் முயன்றால் டைஹைட்ராக்சிஅசிட்டோன் அங்கு நிலைக்காமல் லாக்டேட் போன்றவையாக மாறிவிடும். சில எச்பிஎல்சி நிரல்களில் கிளிசராலும் டைஹைட்ராக்சிஅசிட்டோனும் ஒரே நேரத்தில் வெளிவருகின்றன. ஆகவே புதிய வினையூக்கிக்கு உயர்ந்த தேர்வுத்திறன் என்று எழுதும் முன், தூய கிளிசராலை மட்டும் செலுத்தி அது எந்த நிமிடத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளவும்.